மலைக் குளிரில் கிளம்ப மறுக்கும் டீசல் லாரி: காரணம் அறிந்து பழுது நீக்கும் முறை

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் சிவக்கும் காலமும் பனி இறங்கும் காலமும் ஒன்றே. நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை ஏற்காடு வட்டாரத் தோட்டங்களில் அராபிகா காப்பி அறுவடை நடக்கிறது. அன்று பறித்த பழத்தை அன்றே தோல் நீக்க வேண்டும். மூட்டையில் கிடந்தால் பழம் சூடேறிப் புளித்து, கொட்டையின் நிறமும் மணமும் கெட்டு விலை இறங்கிவிடும். காலையில் சேலத்துக்கு ஒரு நடை போய் வந்து, மாலையில் பழ மூட்டைகளைத் தோல் நீக்கும் எந்திரத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டிய லாரி, விடியற்காலையில் கிளம்பாமல் இரண்டு மணி நேரத்தை வீணாக்கினால் அன்றைய உழைப்பு முழுவதும் பாதிக்கப்படுகிறது.

இப்படி வண்டி மக்கர் செய்யும்போது, "குளிர் அதிகம், அதனால்தான்" என்று சொல்லிவிடுவது வழக்கம். இது சரியான விளக்கம் அன்று. ஏற்காட்டில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 14 டிகிரி சென்டிகிரேடு வரைதான் இறங்குகிறது. இமயமலைப் பகுதியில் தண்ணீர் உறையும் குளிரிலும் டீசல் லாரிகள் ஓடுகின்றன. நல்ல நிலையில் உள்ள டீசல் என்ஜின், அது பழையதாகவே இருந்தாலும், ஏற்காட்டுக் குளிரில் சில வினாடிகளில் கிளம்ப வேண்டும். குளிர் பழுதை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே உள்ள பழுதைக் காட்டிக் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே கூறப்படும் முறைகள் பழைய வகை டீசல் பம்பு உள்ள லாரி, வேன், ஜீப் ஆகியவற்றுக்கு உரியவை. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய வண்டிகளுக்குத் தனிச் சோதனைக் கருவிகள் தேவை.

சேலத்தில் ஓடும் வண்டி ஏற்காட்டில் நிற்பது ஏன்?

பெட்ரோல் என்ஜினில் மின்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-ல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய என்ஜினில் மின்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான இடத்துக்குள் அமுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதுபோல், அமுக்கப்பட்ட காற்றும் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூவப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. டீசல் பற்றுவதற்குச் சுமார் 250 டிகிரி சூடாவது வேண்டும்.

ஆகவே என்ஜின் கிளம்ப மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, என்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். இரண்டாவது, டீசல் காற்றும் தண்ணீரும் கலவாமல் நாசிலுக்கு வந்து சேர வேண்டும். மூன்றாவது, காற்று கசியாமல் அமுக்கப்பட்டு, டீசல் சரியான நேரத்தில் நன்கு தூவப்பட வேண்டும்.

கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில், காற்றின் அழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. சேலத்தில் சிலிண்டர் அமுக்கம் 24 கிலோ காட்டும் என்ஜின், மலைமேல் 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே காட்டும். மேலும், உள்ளே வரும் காற்று 20 டிகிரி குளிர்ந்திருந்தால், அமுக்கத்தின் முடிவில் ஏறத்தாழ 45 டிகிரி சூடு குறையும். நல்ல என்ஜினில் இவ்வளவு குறைந்தும் டீசல் பற்றப் போதிய சூடு மிஞ்சும். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து, பாட்டரியும் தளர்ந்து, மெதுவாகச் சுற்றும் என்ஜினிலோ காற்று கசியவும் சூடு சுவரில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடுகிறது. அங்கே சூடு போதாமல் போகிறது.

சேலத்துப் பட்டறையில் நண்பகல் வெயிலில் உடனே கிளம்பிய வண்டி, மறுநாள் விடியலில் ஏற்காட்டில் அடம் பிடிப்பதன் காரணம் இதுவே. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. டிரைவரும் பொய் சொல்லவில்லை. எனவே குளிர்காலப் பழுதை மலையிலேயே, இரவெல்லாம் நின்ற வண்டியில், முதல் முறை கிளப்பும்போதே பார்க்க வேண்டும். ஒருமுறை சூடான என்ஜினில் இப்பழுது தெரியாது.

காதும் கண்ணுமே முதல் கருவிகள்

இலை மஞ்சளாகிவிட்டது என்றதும் மருந்து தெளிப்பவர் பணத்தை வீணாக்குகிறார். தண்ணீர் தேங்கியதா, சத்துக் குறைவா, பூச்சியா, பூசணமா என்று முதலில் பார்ப்பவரே பயிரைக் காப்பாற்றுகிறார். வண்டிக்கும் இது பொருந்தும். உதிரிப் பாகம் வாங்குமுன், டிரைவர் செல்பை இயக்கும்போது இன்னொருவர் புகைக்குழாய் தெரியும்படி ஒதுங்கி நின்று கவனிக்க வேண்டும்.

முன்னதாக மூன்று எளிய சோதனைகளைச் செய்ய வேண்டும். என்ஜினை நிறுத்தும் குமிழ் முழுவதும் உள்ளே சென்றிருக்கிறதா, அதன் கம்பி பம்பிலுள்ள நெம்புகோலைத் தடையின்றி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி பாதியில் நின்றுவிட்டால் டீசல் போகாது. டாங்கில் டீசல் இருக்கிறதா, பாட்டரி முனைகள் இறுக்கமாக உள்ளனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு செல்பைப் பத்து வினாடி இயக்கி, ஒரு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். தொடர்ந்து இயக்கினால் பாட்டரி இறங்குவதோடு செல்ப் மோட்டாரும் எரிந்துவிடும்.

இச்சோதனையில் தெரியும் குறியை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: என்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது

இழுத்து இழுத்துச் சுற்றினால் டீசல் பக்கம் கை வைக்க வேண்டியதில்லை. குறை பாட்டரி, கேபிள், செல்ப் மோட்டார், என்ஜின் எண்ணெய் ஆகியவற்றில் இருக்கிறது. குளிரில் பாட்டரியின் பலம் குறைகிறது. அதே நேரத்தில் எண்ணெய் கெட்டிப்பட்டு என்ஜின் அதிக பலம் கேட்கிறது.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12 வோல்ட் பாட்டரி ஒன்று 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது எனலாம். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் உள்ளது. பின்னர் என்ஜின் கிளம்பாதபடி நிறுத்தும் குமிழை இழுத்து வைத்துக்கொண்டு செல்பை இயக்கிப் பார்க்க வேண்டும். அப்போது பாட்டரி 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பாட்டரி தளர்ந்துள்ளது. இரண்டு பாட்டரி பூட்டிய 24 வோல்ட் வண்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒன்று கெட்டாலும் மற்றதும் பயனற்றுப் போகும்.

பாட்டரி நன்றாக இருந்தும் சுழற்சி மந்தமாக இருந்தால், பாட்டரியின் மைனஸ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்துச் செல்பை இயக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் துருவோ தளர்ச்சியோ உண்டு. ஏற்காட்டு மழையும் மூடுபனியும் சேர்ந்து, சட்டத்தோடு கேபிள் சேரும் இடத்தில் துரு ஏற்றிவிடுகின்றன. அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

எண்ணெயும் முக்கியம். சமவெளியில் ஊற்றும் எஸ்.ஏ.இ. 40 போன்ற ஒற்றைத் தர எண்ணெய் மலைக் குளிரில் கெட்டிப்படும். கையேடு அனுமதித்தால் 15 டபிள்யூ 40 போன்ற பல தர எண்ணெயை ஊற்றுவது நன்மை தரும்.

இரண்டாம் வகை: வேகமாகச் சுற்றுகிறது, புகையே இல்லை

என்ஜின் நன்றாகச் சுற்றியும் புகைக்குழாயில் சிறிதும் புகை வரவில்லையென்றால், டீசல் சிலிண்டருக்குள் போகவில்லை என்று பொருள். பழைய லாரிகளில் அடிக்கடி ஏற்படும் குறை இதுவே. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பணத்தை இழப்பவர்களும் அதிகம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு தோட்டத்து லாரி மாலையில் நன்றாக ஓடி வந்து நிற்கிறது. காலையில் ஐந்தாறு முறை செல்ப் அடித்த பிறகே கிளம்புகிறது. ஒருமுறை கிளம்பிவிட்டால் அன்று முழுவதும் தொல்லை இல்லை. என்ஜின் தேய்ந்துவிட்டது, ரிங்கு மாற்ற வேண்டும், பெரிய வேலை என்று யாரோ சொல்கிறார்கள். உரிமையாளர் கடன் வாங்க எண்ணுகிறார். உண்மையில் இவ்வண்டியில் இரவில் டீசல் டாங்குக்கே திரும்பி இறங்கி, குழாயில் காற்று புகுந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இதை அறிய எளிய சோதனை உண்டு. காலையில் செல்பைத் தொடுமுன் பம்பின் பக்கத்திலுள்ள கைப்பம்பை இருபது முப்பது முறை, கைக்கு இறுக்கம் தெரியும்வரை அடிக்க வேண்டும். பிறகு செல்ப் அடித்ததும் வண்டி கிளம்பினால் இரவில் டீசல் இறங்கியது உறுதி. மறுநாள் கைப்பம்பை அடிக்காமல் கிளப்பிப் பார்த்து ஒப்பிட வேண்டும். வண்டியை மேட்டைப் பார்த்து நிறுத்திய நாட்களில் மட்டும் தொல்லை கூடினால் அதுவும் ஒரு சான்றாகும். அப்போது என்ஜின் உயர்ந்தும் டாங்கு தாழ்ந்தும் இருப்பதால் டீசல் எளிதில் பின்வாங்குகிறது.

காற்று புகும் இடத்தைத் தேடும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். டாங்கிலிருந்து பம்பு வரையுள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும். டீசல் வெளியே ஒழுகாது. ஆகவே குழாய் காய்ந்திருப்பதைப் பார்த்து நன்றாக உள்ளது என்று முடிவு செய்யக் கூடாது. பம்பைத் தாண்டிய அழுத்தப் பக்கத்தில்தான் கசிவு ஈரமாகத் தெரியும்.

சுத்தமான கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, என்ஜினுக்கு மேலான மட்டத்தில் சூடான பாகங்களிலிருந்து விலக்கிப் பத்திரமாகக் கட்டி, அதிலிருந்து நேரே பம்பின் வாய்க்குக் குழாய் கொடுத்துக் காற்றை வெளியேற்றி, ஓர் இரவு விட்டு வைக்கலாம். காலையில் வண்டி உடனே கிளம்பினால் டாங்குக்கும் பம்புக்கும் இடையேதான் குறை. வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், நசுங்கிய செம்பு வாஷர், பில்டர் கிண்ணத்தின் பழைய ரப்பர் வளையம், பம்பின் திரும்பா வால்வில் அழுக்கு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். இவை அனைத்தும் சிறு செலவில் தீர்பவை. ஒருமுறை கழற்றிய செம்பு வாஷரை மீண்டும் போடாமல் புதிதாகப் போட வேண்டும்.

டீசலில் தண்ணீர் இருந்தாலும் இதே குறி தோன்றும். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் பனித்துளி படிந்து அடியில் சேர்கிறது. வாரம் ஒருமுறையாவது, மழைக்காலத்தில் தினமும், கிளப்புமுன் தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடிக்க வேண்டும். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. கடுங்குளிர் நாடுகளில் டீசலில் மெழுகு பிரிந்து பில்டரை அடைப்பது உண்டு. ஏற்காட்டுக் குளிரில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை தண்ணீரும் தூசியுமே. டீசல் இளகும் என்று மண்ணெண்ணெய் கலக்கக் கூடாது. டீசலின் வழவழப்பால் இயங்கும் பம்பும் நாசிலும் தேய்ந்துவிடும்.

மூன்றாம் வகை: வேகமாகச் சுற்றுகிறது, வெள்ளைப் புகை வருகிறது

கண்ணைக் கரிக்கும், பச்சை டீசல் வாடை அடிக்கும் வெண்புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது. ஆனால் பற்றவில்லை என்று பொருள். கிளம்பிய என்ஜினில் பனிக்காலத்தில் வரும் நீராவி வேறு. அது வாடையின்றி உடனே கலைந்துவிடும். என்ஜின் சூடான பிறகும் வெண்மை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

டீசல் பற்றாததற்கான காரணங்களைச் செலவு குறைந்ததிலிருந்து வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. ஹீட்டர் பிளக்: சில ஜீப், வேன்களில் மட்டுமே இது உண்டு, பல லாரிகளில் இல்லை. பிளக்கின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வைத்தால் விளக்கு எரிய வேண்டும். எரியாத பிளக் செத்துவிட்டது. எல்லாப் பிளக்கும் நன்றாக இருந்தால், அவற்றுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. ஏர் பில்டர்: மலைக் காற்று ஏற்கெனவே அடர்த்தி குறைந்தது. அடைத்த பில்டர் அதையும் தடுக்கும். கிளம்பிய பின் கரும்புகை கக்கினால் இதை முதலில் பார்க்க வேண்டும்.

3. வால்வு இடைவெளி: டாப்பெட் இடைவெளி குறைந்து வால்வு முழுவதும் மூடாவிட்டால் அமுக்கம் கசியும். ரிங்கு மாற்றும் பேச்சுக்கு முன்னால் டாப்பெட்டைச் சரி செய்து பார்க்க வேண்டும்.

4. நாசில்: தூவாமல் ஒழுகும் நாசிலால் குளிரில் தீப்பற்றாது. என்ஜின் கிளம்பிய உடனே புகை வழி அறையில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் சில துளித் தண்ணீர் தெளித்தால், வேலை செய்யும் இடத்தில் விரைவில் காயும். காயாத இடத்துச் சிலிண்டரில் குறை உண்டு. அதன் நாசிலைப் பட்டறையில் சோதிக்க வேண்டும். தூவும் நாசிலின் முன் விரலை ஒருபோதும் நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அதற்கு உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

5. பம்பின் டைமிங்: பம்பைக் கழற்றிப் பூட்டிய பிறகு தொல்லை தொடங்கியிருந்தால், டீசல் தாமதமாகத் தூவப்படுவதாகக் கொள்ளலாம்.

6. அமுக்கம்: இவை அனைத்தும் சரியாக இருந்த பின்னரே அமுக்க மீட்டரை வைக்க வேண்டும். கையேட்டிலுள்ள அளவு சமவெளிக்கு உரியது. மலைமேல் அளந்தால் உயரத்துக்கு உரிய குறைவைக் கணக்கிட வேண்டும். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட மிகக் குறைந்திருக்கிறதா என்பதே முக்கியம். ஓடும் என்ஜினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை பலமாக ஊதிக்கொண்டு வருவதும், புகைக்குழாயில் நீலப்புகை நிற்காமல் வருவதும் ரிங்குத் தேய்மானத்தின் குறிகள். அப்போதுதான் பெரிய வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

வண்டி கிளம்பாதபோது அவசரத்தில் செய்யும் காரியங்களே பெரும் இழப்பைத் தருகின்றன.

ஈதர் தெளிப்பதும், பெட்ரோல் நனைத்த துணியைக் காற்று வாயில் பிடிப்பதும் கூடாது. அவை பிஸ்டன் மேலே வருமுன்னரே வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும். ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் காற்று வாயிலேயே தீ வெடிக்கலாம். டாங்குக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் அடியில் பந்தம் கொளுத்திப் பிடிப்பது வண்டியை எரிக்கும் வழியாகும்.

இவற்றைவிட ஆபத்தானது சரிவில் உருட்டிக் கிளப்புவது. மலைத் தோட்டங்களில் இது சாதாரணப் பழக்கமாகிவிட்டது. கிளம்பாத வண்டி என்று தெரிந்தே இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி வைக்கிறார்கள். என்ஜின் ஓடாத லாரியில் ஏர் பிரேக்குக்குக் காற்று சேராது. இரவில் இருந்த காற்றும் கசிந்து இறங்கியிருக்கும். வாக்குவம் உதவியுள்ள பிரேக்கில் ஓரிரு மிதிக்குப் பின் பெடல் கல்லைப்போல் ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகும். கிளட்சை விட்டும் என்ஜின் பிடிக்காவிட்டால், சரக்கோடு உருளும் வண்டியை நிறுத்தக் கைப்பிரேக் ஒன்றுதான் மிஞ்சும். சேலம் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. தோட்டப் பாதைகளிலோ தடுப்புச் சுவரும் கிடையாது. ஒரு செம்பு வாஷரின் குறைக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

அறுவடைக்கு முன் செய்ய வேண்டியவை

அக்டோபர் மாதத்திலேயே பாட்டரியைச் சோதித்து, எர்த் கேபிளைச் சுத்தம் செய்து, டீசல் பில்டரையும் ஏர் பில்டரையும் மாற்றி, டாப்பெட்டைச் சரி பார்த்துவிட்டால் பருவம் முழுவதும் தொல்லை குறையும். இரவில் வண்டியைச் சமதரையில், கூரையடியில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்த வேண்டும். காலையில் கிளம்பியதும் உறுமவிடாமல் மெதுவாக ஓடவிட்டு, எண்ணெய் அழுத்தமும் பிரேக் காற்றும் ஏறிய பிறகே நகர்த்த வேண்டும்.

வண்டியில் ஒரு சிறு நோட்டு வைத்து, எத்தனை முறை செல்ப் அடித்துக் கிளம்பியது, என்ன புகை வந்தது, எப்படி நிறுத்தியிருந்தது என்று டிரைவர் தினமும் ஒரு வரி எழுதி வரலாம். பத்து நாள் குறிப்பைப் பார்த்தாலே பழுது எந்தப் பக்கம் என்பது மெக்கானிக்குக்குப் புரிந்துவிடும்.

மெதுவாகச் சுற்றினால் மின்சாரப் பக்கம். சுற்றியும் புகையில்லையென்றால் டீசல் வரும் வழி. வெண்புகை வந்தால் சூடும் அமுக்கமும். இந்த மூன்றையும் தோட்டக்காரரும் டிரைவரும் மனத்தில் வைத்துக்கொண்டு, குறியைப் பார்த்த பிறகே ஸ்பானரை எடுப்பார்களானால், வீண் செலவும் விபத்தும் தவிர்க்கப்படும். பறித்த பழமும் அன்றே எந்திரத்துக்குப் போய்ச் சேரும்.